அலிபிரிக்கு மேலே பாதை ஏன் வளைகிறது

அலிபிரியிலிருந்து திருமலைக் கோயில் வரை வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தால் அது ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் வரும். மேலே ஏறும் பேருந்து ஓடுவதோ 16 கிலோமீட்டர். திரும்பி இறங்கும்போது வேறொரு சாலையில் 19 கிலோமீட்டர். பறவைக்கு ஏழு, பேருந்துக்குப் பதினாறும் பத்தொன்பதும். இந்த வித்தியாசம் முழுவதும் வளைவுகளில் கரைகிறது. சன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை வளைவு?" என்று கேட்காத தமிழ்க் குடும்பம் குறைவு. ஆனால் அந்த வளைவுகள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்தால் மலைப்பாதையில் போடப்பட்டிருக்கும் கட்டுப்பாடுகளின் நியாயம் புரியும். சொந்த வண்டியிலோ வாடகை வேனிலோ போகிறவர்களுக்கு இது உயிர் காக்கும் விஷயம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

அலிபிரி மலையின் காலடி. திருப்பதி ஊர் முடிந்து சேஷாசல மலை தொடங்கும் இடம். நடந்து போகிறவர்கள் பாதாள மண்டபத்தில் கும்பிட்டுவிட்டுப் படியில் கால் வைப்பது இங்கேதான். வண்டிகளை நிறுத்திச் சோதித்து மேலே விடும் சாவடியும் இங்கேதான். ஒரே இடத்திலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன. இரண்டும் ஒரே உயரத்துக்குத்தான் போகின்றன. ஆனால் இரண்டும் மலையை அணுகும் விதமே வேறு. படிப்பாதை சுமார் 3,550 படிகளோடு ஒன்பது கிலோமீட்டரில் மேலே சேர்ந்துவிடுகிறது. செங்குத்தான இடம் வந்தால் அது ஒதுங்குவதில்லை, படியாகவே ஏறிவிடும். காலி கோபுரத்துக்கு ஏறும் படிகளையும், கடைசியில் வரும் மோகாள்ள மெட்டையும் ஏறியவர்களின் முழங்கால்கள் அதற்குச் சாட்சி. மனிதக் கால் இரண்டடி நகர்ந்து ஓரடி உயரும். அந்தச் சரிவில் சக்கரம் ஏறாது. ஏறினாலும் இறங்க முடியாது. அதனால்தான் சக்கரத்துக்கான பாதை மலையைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகிறது.

திருப்பதி ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோயில் இருப்பது சுமார் 850 மீட்டரில். ஆக வண்டி ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 700 மீட்டர். நேர்கோட்டில் ஏழு கிலோமீட்டரில் அதை ஏறினால் பத்து மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயர வேண்டும். சாலைக்காரர்கள் இதைப் பத்துக்கு ஒன்று என்பார்கள். அதையே 16 கிலோமீட்டராக நீட்டினால் 23-க்கு ஒன்று. 19 கிலோமீட்டராக நீட்டினால் 27-க்கு ஒன்று. ஏறும் உயரம் ஒன்றேதான், செய்ய வேண்டிய வேலையும் ஏறக்குறைய ஒன்றேதான். ஆனால் அந்த வேலையை ஒரே மூச்சில் செய்யாமல் நீண்ட தூரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொள்ளலாம். லாரியில் எண்ணெய் பீப்பாய் ஏற்றும் தொழிலாளி நீளப் பலகை தேடுவதும் இதற்காகத்தான்: பலகை எவ்வளவு நீளமோ தள்ளுகிற கைக்கு அவ்வளவு சுலபம். மலையில் அவ்வளவு நீளப் பலகை போட இடமில்லை. அதனால் அதை மடித்து மடித்து மலைமேல் வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் சாலை அமைப்புக்கான அளவுகோல்களை வகுப்பது இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ். 1934-இல் தொடங்கிய அமைப்பு. மலைச்சாலைக்கு அது சொல்லும் வழக்கமான ஏற்றம் 20-க்கு ஒன்று. வேறு வழியே இல்லாத இடத்தில் 14-க்கு ஒன்று வரை போகலாம், அதுவும் குறைந்த தூரத்துக்கு மட்டும். பத்துக்கு ஒன்று என்பது அந்த வரம்புக்குள்ளேயே வராது.

பத்துக்கு ஒன்று என்பதுகூட ஏட்டுக் கணக்கில் வரும் சராசரிதான். மலை அப்படிச் சீராகச் சாய்ந்து கிடப்பதில்லை. திருமலையின் அடியில் கிடப்பது மிகப் பழைய கருங்கல் பாறை. அதற்கு மேல் நகரி குவார்ட்சைட் எனப்படும் கெட்டியான பாறை அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும் அடுத்தடுத்து உருவானவை அல்ல. நடுவில் சுமார் 80 கோடி ஆண்டுகள் இடைவெளி. பூமியின் வரலாற்றில் அவ்வளவு காலத்துக்குரிய பாறை அடுக்குகள் அந்த இடத்தில் இல்லவே இல்லை. மலைப்பாதையை வெட்டிய இடத்தில் வெளித்தெரியும் அந்தச் சந்திப்புக் கோட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. கோடிக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். பார்த்துவிட்டுப் போகிறவர் மிகச் சிலர். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

குவார்ட்சைட் எளிதில் கரையாது, தேயாது. ஆனால் அதில் விரிசல்கள் நெடுக்கும் குறுக்குமாக ஓடும். அந்த விரிசல் வழியே உடைந்தால் பெரிய பெரிய கட்டங்களாக உடைந்து விழும், செங்குத்துச் சுவரை விட்டுவிட்டு. திருப்பதி ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலையின் மேல்பகுதி வெட்டி நிறுத்திய சுவர்போலத் தெரிவது இதனால்தான். கீழே மெல்லச் சாய்ந்து வரும் மலை, மேலே போகப் போகச் சட்டென்று நிமிர்ந்துவிடுகிறது. பாதை போட வந்தவருக்கு உண்மையான சிக்கல் அந்த மேல்பகுதிதான். மழைக்காலத்தில் அதே விரிசல்களில் தண்ணீர் இறங்கிப் பாறைகளைத் தளர்த்தும். 2021 நவம்பரில் திருப்பதியைப் புரட்டிப்போட்ட பெருமழைக்குப் பின், டிசம்பர் 1 அன்று ஏறும் பாதையில் பெரும் பாறைகள் சரிந்து விழுந்து சாலையையே பெயர்த்தன. அந்தப் பாதையை மூடி, வண்டிகளை இறங்கும் பாதையில் திருப்பிவிட வேண்டியதாயிற்று.

மலைச்சாலையில் நாம் பொதுவாக வளைவு என்று சொல்வது இரண்டு வெவ்வேறு பொருள்கள். இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி புரிந்துவிடும்.

முதலாவது, மலையின் உடம்பை ஒட்டிப் போகிற வளைவு. மலை என்பது வழவழப்பான கூம்பு அல்ல. முன்னுக்குத் துருத்தும் முகடுகளும் உள்ளுக்குக் குழியும் ஓடைகளும் மாறி மாறி வரும். பாதை ஒரே சீரான ஏற்றத்தில் போக வேண்டுமானால் முகட்டைச் சுற்றி வெளியே வந்து, அடுத்த ஓடைக்காக உள்ளே போய், மறுபடி வெளியே வர வேண்டும். இதில் வண்டி இடமும் வலமும் ஆடினாலும் மொத்தத்தில் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருக்கும். உள்ளே குழிந்த இடங்களில் எல்லாம் ஒரு சிறு பாலத்தையோ மதகையோ பார்க்கலாம், மழைத் தண்ணீர் இறங்குகிற வழி அது.

இரண்டாவது, கொண்டை ஊசி வளைவு. ஓட்டுநர்கள் ஹேர்பின் என்பார்கள். இதில் வண்டி போன திசைக்கு நேர் எதிராகத் திரும்பி, சற்று முன்பு கடந்த சாலைக்கு மேலேயே மறுபடி ஓடும். மலையின் ஒரே முகத்தில் போதிய நீளம் கிடைக்காதபோது, அந்த முகத்தையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும் வழி இது. கொண்டை ஊசி வளைவு அதிகமாக இருந்தால், அந்த மலையில் சுற்றிப் போக இடம் குறைவாக இருந்தது என்று பொருள் கொள்ளலாம்.

இந்தப் பாதையை மலையில் முதலில் எப்படிக் குறிப்பார்கள் என்பது அழகான வேலை. அதற்கென்றே சிலோன் காட் டிரேசர் என்று ஒரு கருவி உண்டு. இலங்கையின் பெயரைத் தாங்கியே இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் இன்றும் அது பாடத்தில் இருக்கிறது. தாங்கியில் தொங்கும் ஒரு குழாய், அதன்மேல் அளவு பொறித்த சட்டத்தில் நகர்த்தக்கூடிய ஒரு எடை. 20-க்கு ஒன்று ஏற்றம் வேண்டுமானால் எடையை அந்த எண்ணுக்கு நகர்த்துவார்கள். குழாய் அந்தச் சாய்வில் நின்றுவிடும். அதன் வழியே பார்த்துக்கொண்டே, குறித்தட்டு பொருத்திய கம்போடு தொலைவில் நிற்பவரை மேலே, கீழே என்று நகரச் சொல்ல வேண்டும். தட்டு குழாயின் குறுக்குக் கம்பிக்கு நேராக வரும் இடத்தில் ஒரு முளை. அங்கிருந்து அடுத்த முளை. இப்படி முளை முளையாகக் காட்டுக்குள் போகும்போது கோடு எங்கே வளைய வேண்டும் என்பதை மலையே சொல்லிவிடும்.

கொண்டை ஊசி வளைவுக்கு வருவோம். மலைச்சாலையில் மிக நுட்பமாக அமைக்கப்படும் இடம் அதுதான். உள்வட்டத்தின் ஆரம் குறைந்தது 14 மீட்டர் இருக்க வேண்டும், ஒரு வளைவுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 60 மீட்டர் விட வேண்டும், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்றபடி கட்ட வேண்டும் என்பவை விதிகள். வளைவில் சாலையின் அகலமும் கூடும். நீளமான பேருந்து திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த வெட்டுக்கு இடம் வேண்டும். உள்ளோரத்தில் பைக்கை நிறுத்தி மலையைப் படம் பிடிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இது. முகப்பு உங்களைத் தாண்டிவிட்டால் பேருந்தும் தாண்டிவிட்டது என்று எண்ணாதீர்கள்.

விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மலைப்பாதை முழுவதும் 20-க்கு ஒன்று என்று ஏறலாம், ஆனால் கொண்டை ஊசி வளைவுக்குள் ஏற்றம் 40-க்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. அதாவது வளைவு ஏறக்குறைய சமதரையாக இருக்க வேண்டும். காரணம் இதுதான். சாலையின் நடுக்கோடு ஓர் அளவில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் உள்ளோரத்தின் நீளம் குறைவு, வெளியோரத்தின் நீளம் அதிகம். இரண்டும் ஏற வேண்டிய உயரம் ஒன்றே. குறைந்த நீளத்தில் அதே உயரம் என்றால் உள்ளோரம் செங்குத்தாகிவிடும். போதாக்குறைக்கு, முன்சக்கரம் முழுதாகத் திரும்பியிருக்கும்போது வண்டியை நகர்த்த இன்ஜினுக்குக் கூடுதல் இழுப்பு தேவை. அதனால்தான் அங்கே சாலையைத் தட்டையாக்கி வண்டிக்கு மூச்சுவிட இடம் தருகிறார்கள். நன்றாகக் கட்டிய மலைப்பாதையில் வளைவுக்குள் நுழைந்ததும் இன்ஜினின் முக்கல் ஒரு கணம் தணிவதைக் காதால் கேட்கலாம். பழைய சாலைகள் எல்லாம் இந்த அளவுக்குக் கச்சிதமாக இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அப்படி இல்லாத வளைவுகளில்தான் வண்டிகள் பாதியில் நின்று பின்னுக்கு உருள்கின்றன.

திருமலைக்கு முதல் வண்டிப்பாதை திறக்கப்பட்டது 1944-இல். அப்போது திருப்பதி சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதுவரை படி ஏற வேண்டும், இல்லையென்றால் டோலியில் தூக்கிப்போக ஆள் பிடிக்க வேண்டும். வயதானவர்களும் நோயாளிகளும் கைக்குழந்தைக்காரிகளும் திருமலையை எட்டுவதற்கு அந்தச் சாலை வாசல் திறந்தது. பக்தர் கூட்டம் பெருகியதற்கு அது மிகப் பெரிய காரணம் என்பதே என் எண்ணம். அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். முப்பது ஆண்டு காலம் ஏறுவதும் இறங்குவதும் அதில்தான். 1974-இல் இரண்டாவது பாதை போடப்பட்டது. அது மலையின் உடம்பை ஒட்டியே பெரும்பகுதி போய், கடைசியில் மட்டும் ஆறு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடிகிறது. இப்போது புதிய பாதை ஏறுவதற்கு, பழைய பாதை இறங்குவதற்கு. இரண்டுமே ஒருவழி.

இந்த ஏற்பாடு இயந்திரத்தின் கணக்குக்கும் பொருந்துகிறது. ஏறுகிற வண்டிக்கு வேண்டியது தடையில்லாத சீரான ஓட்டம். வளைவுதோறும் வேகம் குறைத்து, கியர் மாற்றி, மறுபடி இழுக்க வேண்டியதில்லை என்றால் இன்ஜின் சூடாவது குறையும். இறங்குகிற வண்டிக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. தூரம் மூன்று கிலோமீட்டர் கூட இருப்பதால் சரிவு குறைகிறது. வளைவுகள் அடிக்கடி வருவதால் வண்டி நெடுநேரம் வேகமெடுக்க வழியில்லை. எதிரில் வண்டி வராது என்பது இன்னொரு பெரிய நிம்மதி.

ஆனால் அந்த நிம்மதியே ஆபத்தாகவும் முடியும். எதிரில் யாரும் வரமாட்டார்கள் என்ற துணிச்சலில் வேகம் கூடுகிறது. அதற்காகத்தான் புறப்படும் முனையில் நேரம் குறித்த சீட்டு கொடுத்து, மறுமுனையில் அதைப் பார்க்கும் வழக்கம் வந்தது. ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம், இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம். அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் அபராதம். சீக்கிரம் வந்ததற்கு அபராதமா என்று முறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 கிலோமீட்டருக்கு 28 நிமிடம் என்றால் சராசரி மணிக்கு 34 கிலோமீட்டர். 19 கிலோமீட்டருக்கு 40 நிமிடம் என்றால் 28 அல்லது 29. இறங்கும்போது மெதுவாகப் போகச் சொல்வதன் காரணத்தை இரண்டாகப் பிரிக்கலாம்: ஒன்று வளைவு, இன்னொன்று பிரேக்.

வளைவில் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை வேகத்தோடு ஒப்பிட்டால் வெகு வேகமாகப் பெருகும். வேகம் இரு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. 14 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்பினால், வண்டியின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான விசை பக்கவாட்டில் தள்ளும். சாலையை உள்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் போட்டிருப்பதாலும் டயரின் பிடிப்பாலும் அதைத் தாங்கிவிடலாம். 30-இல் அது எடையில் பாதியாகும். 40-இல் பத்தில் ஒன்பது பங்கு. 20-க்கும் 30-க்கும் நடுவே இருப்பது வெறும் பத்துக் கிலோமீட்டர் என்று முள்ளைப் பார்த்து நினைப்பது எவ்வளவு தவறு என்பது இதில் தெரியும். மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் டயரின் பிடிப்பு இன்னும் குறையும். கூரைமேல் மூட்டை முடிச்சுகளை அடுக்கிய வேன் என்றால் எடை மேலே இருப்பதால் சறுக்குவதற்கு முன்பே சாய்ந்துவிடவும் கூடும். மலைக்குப் போகிற வேனில் கூரைச் சுமையைக் கீழேயே இறக்கி வைத்துவிட்டுப் போவது நல்லது.

பிரேக் கதை இன்னும் முக்கியம். மேலே ஏறிய வண்டி அந்த 700 மீட்டர் உயரத்தைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கிறது. இறங்கும்போது அந்தச் சேமிப்பு முழுவதும் எங்காவது போய்த் தீர வேண்டும். பதினைந்து டன் பேருந்து ஒன்று 700 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், ஏறக்குறைய 350 லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ஒன்றரை டன் காருக்கு 35 லிட்டர். இறக்கம் முழுவதும் பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அந்தச் சூட்டின் பெரும்பகுதி சக்கரத்துக்குள் இருக்கும் சிறு தட்டுகளிலும் டிரம்களிலும் ஏறும். சூடு ஏற ஏற லைனிங் வழுக்கத் தொடங்கும். டிரம் விரிந்து லைனிங்கிலிருந்து விலகும். பிரேக் ஆயில் பழையதாகி ஈரம் உறிஞ்சியிருந்தால் 140 டிகிரி அளவிலேயே கொதித்துக் குழாய்க்குள் ஆவி உண்டாகும். ஆவி அழுத்தினால் சுருங்கும், அதனால் மிதித்தால் மிதி தரை வரை போகும், பிரேக் பிடிக்காது. பிரேக் ஃபெயிலியர் என்று செய்தியில் வரும் மலைவிபத்துகளில் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இந்தச் சூடுதான், உடைந்துபோன பாகம் அல்ல.

இதற்குத் தீர்வு ஓட்டுநர்களிடையே காலம்காலமாக இருக்கிறது: ஏறின கியரிலேயே இறங்கு. இரண்டாம் கியரில் ஏறிய சரிவில் இரண்டாம் கியரில் இறங்கினால், சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கும். இன்ஜின் அதைப் பிடித்து இழுக்கும். சேமிப்பின் பெரும்பகுதி இன்ஜினிலும் ரேடியேட்டரிலும் போய்த் தீர்ந்துவிடும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும் அழுத்தி விட்டால் போதும். அழுத்தி, விட்டு, ஆற விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் மலையிறக்கத்தில் டி-யிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்படி விடக் கூடாது. எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக் குறைந்த கியரில் பிடிக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போடுவதும், இன்னும் மோசமாக இன்ஜினையே அணைத்து உருட்டுவதும் தற்கொலைக்குச் சமம். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் ஸ்டியரிங்குக்கு உதவும் பவரும் சேர்ந்தே நின்றுபோகும். இப்படி மிச்சம் பிடிப்பவர் வண்டியில் ஏறாதீர்கள், ஏறியிருந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். கரிந்த வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நிறுத்தி, தண்ணீர் ஊற்றாமல், காற்றில் தானாக ஆற விட வேண்டும்.

2022-இல் திருப்பதி–திருமலை தடத்தில் மின்சாரப் பேருந்துகள் வந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி புகை குறையும் என்பதற்காக மட்டும் அல்ல. மின்மோட்டார் இறக்கத்தில் தானே மின்னாக்கியாக மாறிவிடும். சக்கரம் மோட்டாரைச் சுற்றும்போது மின்சாரம் பிறந்து பேட்டரிக்குத் திரும்பும், வண்டியும் அதனாலேயே மட்டுப்படும். 350 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அந்த ஆற்றலில் ஒரு பகுதி அடுத்த ஏற்றத்துக்குப் பயன்படுகிறது. மேலே ஏறியதற்கான செலவில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும் வேலை மலையிறக்கத்துக்கே உரியது. சமவெளியில் இவ்வளவு கிடைக்காது.

வளையாமல் ஏற வழியே இல்லையா? உண்டு, ஆனால் விலை அதிகம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீலகிரி மலை ரயில் ஏறக்குறைய 12-க்கு ஒன்று என்ற சரிவில் ஏறுகிறது. அதற்குத் தண்டவாளங்களின் நடுவே பல் கொண்ட இன்னொரு தண்டவாளம் போட்டு, இன்ஜினின் பல்சக்கரத்தை அதில் கோத்து இழுக்க வேண்டியிருக்கிறது. 1881-இல் வந்த டார்ஜிலிங் மலை ரயிலோ பல்லுக்குப் பதில் வளையங்களையும், முன்னே போய்ப் பின்னே ஏறும் இசட் வடிவத் திருப்பங்களையும் நம்பியது. ரயிலால் கொண்டை ஊசிபோலச் சட்டென்று திரும்ப முடியாது, ஆகவே அது பின்னோக்கி நகர்ந்தே அடுத்த படிக்கு ஏறும்.

திருமலையில் கற்றதை அப்படியே நம் ஊர் மலைகளுக்குக் கொண்டுபோகும்போது ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, திம்பத்தில் 27, ஏற்காட்டுக்கு 20, ஏலகிரியில் 14. ஏலகிரியின் வளைவுகளுக்குப் புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர் வைத்திருப்பது நல்ல செயல். குழந்தைகள் அவற்றைப் படித்துக்கொண்டே ஏறுகிறார்கள். இங்கெல்லாம் ஒரே சாலையில் ஏற்றமும் இறக்கமும். சாலை குறுகிய இடத்தில் இறங்குகிறவர் நின்று ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கடினம், பின்னுக்கு உருளும். இறங்கும் வண்டி நின்றால் அந்தச் சிக்கல் இல்லை. வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, நம் பக்கத்தை விட்டு விலகாமல் திரும்ப வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 வளைவுகள்தான், திருமலையின் பழைய பாதையில் இருப்பதும் அதே எண்ணிக்கை. ஆனால் சரிவு மிகக் கடுமை. பல உயிர்கள் போன பின் வெளியூர் வண்டிகள் அங்கே இறங்கக் கட்டுப்பாடு வந்தது. வளைவுகளின் எண்ணிக்கை மட்டும் ஒரு பாதையின் ஆபத்தைச் சொல்லிவிடாது என்பதற்கு இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இனி வயிற்றுப் பாடு. காதுக்குள் மூன்று சிறு அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. தலை திரும்பும்போது அந்தத் திரவம் அசைந்து, திரும்புகிறோம் என்று மூளைக்குச் சொல்லும். வளைவில் காது "திரும்புகிறாய்" என்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டு "அசையாமல் இருக்கிறாய்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது தலை சுற்றி, வாயில் எச்சில் ஊறி, வாந்தி வருகிறது. ஓட்டுநருக்கு இது வருவது அரிது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் கண் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அவர் கையே வண்டியைத் திருப்புகிறது. ஆகவே பயணியும் ஓட்டுநரின் கண்ணைக் கடன் வாங்கினால் போதும். வண்டியின் முன்பகுதியில் உட்கார்ந்து, சாலை போகும் திசையில் தொலைவாகப் பார்க்க வேண்டும். பின்வரிசை வேண்டாம், வளைவில் அதுதான் அதிகம் வீசும். கைப்பேசி வேண்டாம். கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்வதும் பலருக்கு உதவும். எலுமிச்சையை முகர்வதும் இஞ்சி மரப்பா மெல்லுவதும் நம் வீடுகளில் பழக்கம், கேடொன்றும் இல்லை. அவோமின் போன்ற மாத்திரையைப் போடுவதானால் மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டு, அலிபிரியைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பலன் குறைவு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அதைத் தரவே கூடாது. தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுகிறவரும் தொடக் கூடாது.

சாப்பாட்டில்தான் பலர் தவறுகிறார்கள். ஏறும்போது பயந்து பட்டினியாகப் போகிறார்கள். ஆறு கொண்டை ஊசி வளைவுகளே உள்ள அந்தப் பாதைக்கு இரண்டு இட்லி ஒன்றும் செய்யாது, வெறும் வயிறுதான் குமட்டலைக் கூட்டும். தரிசனம் முடிந்து, வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் மனம் குளிரச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள் இறங்கும் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். முப்பத்தாறும் அங்கேதான் காத்திருக்கின்றன. சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் மேலேயே இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.